கறளும் வாய்மையும்

ஒரு பொருளின் பாகங்கள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்ட பின்பும் அது அதே பொருளாக இருக்கிறதா என்ற வினா மெய்யியலில் மிகப் பழையது. மன்னார்த் தீவிலும் அதை அடுத்த கரையோரத்திலும் பழைய பிக்கப் வாகனம் ஒன்றை வாங்கிப் புதுப்பிக்க முனைபவர் அந்த வினாவை இரும்பிலேயே எதிர்கொள்கிறார். அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய இலங்கை அரசு, தனிப்பட்ட பாவனைக்கான வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழிவிட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழையதைப் பேணுவதைத் தவிர வேறு வழி பலருக்கு இருக்கவில்லை. போர்க்காலத் தடைகளின்போது பெற்றோல் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டிப் பழகிய வடபுலத்துக்கு அது புதிய பாடமும் அன்று. புதுப்பித்த வாகனம் பழைய வாகனமேதானா என்ற கேள்வி பொருளின் இயல்பு பற்றிய கேள்வியாகத் தொடங்கினாலும், மனிதர் ஒருவருக்கொருவர் செலுத்த வேண்டிய வாய்மையிலேயே விடை காண்கிறது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

முன்னே ஓட்டுநர் அறையும் பின்னே திறந்த சரக்குத் தட்டும் கொண்ட பிக்கப், 1968இல் ஜப்பானில் வெளிவந்த டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற வகைகளில், செசி எனப்படும் தனியான அடிச்சட்டத்தின் மீது எழுப்பப்படுகிறது. நீளவாக்கில் ஓடும் இரு உருக்குச் சட்டங்களைக் குறுக்குத் துண்டுகளால் ஏணிபோல் இணைத்து, அதன்மேல் எஞ்சின், கியர்ப் பெட்டி, ஓட்டுநர் அறை, தட்டு ஆகியவற்றைப் பூட்டுவதால், எதையும் கழற்றி வேறொன்றை மாட்ட முடிகிறது. வேகமும் இழுவையும் வேண்டுவோர் பழைய எஞ்சினை இறக்கிவிட்டு, வெளியேறும் புகையின் விசையால் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் டர்போ என்னும் கருவி பொருத்திய டீசல் எஞ்சினை ஏற்றுவதும் உண்டு.

பேசாலை, வங்காலை, தலைமன்னார் போன்ற மீன்பிடிக் கரைகளில் உழைக்கும் வாகனத்துக்குப் பெரும்பகை உப்பு. சோளகமும் வாடையும் கடற்றுமியைக் கரைமேல் ஏற்றுகின்றன; மீன் அடுக்கிய ரெஜிபோம் பெட்டிகளிலிருந்து வடியும் ஐஸ் தண்ணீர் தட்டின் மூலைகள் வழியே அடிச்சட்டத்தின் உட்கூட்டுக்குள் இறங்குகிறது. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதோடு இரும்பு அரிக்கப்படும் வேதிவினையையும் விரைவுபடுத்துகிறது. கறள், அதாவது துரு, தான் தின்ற இரும்பைவிடக் கூடுதலான இடம் கொள்வதால் உள்ளிருந்து வீங்கிப் பெயின்றைக் கொப்புளமாகத் தூக்குகிறது. அதைச் சுரண்டிப் பட்டி பார்த்து மேலே பெயின்ற் அடித்துவிட்டால் கண்ணுக்கு எதுவும் புலப்படாது. பட்டி தடித்திருக்கும் இடத்தில் காந்தம் பிடிக்காமல் நழுவுவதையும், சுத்தியலால் தட்டும்போது நல்ல உருக்குக் கணீரென ஒலிக்க அரிபட்ட இடத்தில் ஓசை மழுங்குவதையும் கொண்டே பழகியவர்கள் கறளைக் கண்டுகொள்கிறார்கள்.

இவ்வாறு அரிபட்ட பாகங்களை எல்லாம் மாற்றிய பின் எஞ்சுவது எது? கிரேக்க வரலாற்றாசிரியர் புளூட்டார்க், தீசியஸ் என்னும் வீரனின் கப்பலில் உளுத்த பலகைகளை ஏதென்ஸ் நகரத்தார் மாற்றிக்கொண்டே வந்ததையும், அது அதே கப்பலா என்று அறிஞர்கள் வாதிட்டதையும் பதிவு செய்தார். பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கில மெய்யியலாளர் தோமஸ் ஹொப்ஸ், கழித்த பலகைகளையெல்லாம் ஒருவர் சேர்த்து மீண்டும் ஒரு கப்பல் கட்டினால் இரண்டில் எது உண்மையான கப்பல் என்று கேட்டு வாதத்தை மேலும் இறுக்கினார். இலங்கையின் பாளி மரபு போற்றும் மிலிந்தபஞ்ஹ என்னும் நூலில், அச்சும் சில்லும் நுகமும் தனித்தனியே தேர் அல்ல, அவற்றுக்கு வெளியேயும் தேர் என்று ஒன்று இல்லை, தேர் என்பது வழக்கில் இட்ட பெயரே என்று நாகசேன தேரர் மிலிந்த அரசனுக்கு விளக்குகிறார். வைசேடிகர் என்னும் இந்திய மெய்யியலார் இதற்கு எதிர்நிலை எடுத்து, உறுப்புகளின் வேறான முழுப்பொருள் உண்டு என்றும் அதற்கு அவயவி என்று பெயர் என்றும் கூறினர். ஆயினும் ஓர் உறுப்பு மாறினாலே பழைய அவயவி அழிந்து புதியது தோன்றுகிறது என்பதே அவர்தம் முடிபு. இவற்றுள் எந்தக் கொள்கையை ஏற்றாலும், கறள் தின்ற வாகனத்தின் தொடர்ச்சியை இரும்பைக் கொண்டு மட்டும் நிலைநாட்ட முடியாது.

மன்னாரின் வழிபாட்டு மரபுகளோ மாற்றத்தின் ஊடே தொடர்ச்சியைக் காக்கும் வழிகளைத் தெளிவாகவே வகுத்திருக்கின்றன. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம் போர்த்துக்கேயர் காலத்தில் அழிந்து, ஆறுமுக நாவலர் 1872இல் எழுப்பிய குரலுக்குப் பின் படிப்படியாக மீண்டெழுந்து, கருங்கல் திருப்பணி நிறைவுற்று 2022 ஜூலையில் குடமுழுக்குக் கண்டது. ஆகம முறைப்படி திருப்பணிக்கு முன் மூர்த்தியின் அருட்கலையைக் கும்ப நீரில் இறக்கிப் பாலாலயம் என்னும் தற்காலிகச் சந்நிதியில் எழுந்தருளச் செய்து, பணி முடிந்தபின் மீண்டும் கருவறைக்குக் கொண்டுவருவர். கல் மாறினாலும் சந்நிதியின் தொடர்ச்சி அறுவதில்லை. மடு மாதா திருத்தலத்திலோ தொடர்ச்சி திருச்சொரூபத்தில் தங்கியிருக்கிறது. மாந்தையிலிருந்து 1670இல் காட்டுக்குள் கொண்டுசெல்லப்பட்டதும், போரின்போது 2008இல் தேவன்பிட்டிக்கு அகற்றப்பட்டு அதே ஆண்டில் மீண்டதும் அந்தச் சொரூபமே. இடமும் கட்டடமும் மாறியபோதும் அடியார்கள் அதே அன்னையையே வணங்கினர்.

வாகனத்தில் இறங்கி உறையும் அருட்கலையும் இல்லை, வணங்கத்தக்க சொரூபமும் இல்லை. அதற்கு அடையாளம் தருவது நாட்டின் சட்டம்தான். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவில் செசி எண்ணும் எஞ்சின் எண்ணும் குறிக்கப்பட்டிருப்பதால், அந்த எண்கள் ஒத்துவரும் வரை அது அதே வாகனம் என்றே கொள்ளப்படும். ஆனால் எண் பொறித்த உருக்குத் துண்டை மட்டும் வெட்டியெடுத்து வேறொரு அடிச்சட்டத்தில் வெல்டிங் வைத்துவிட்டால், பதிவேட்டில் பழைய வாகனம் ஓடிக்கொண்டிருக்கும், தெருவில் வேறொன்று ஓடும். ஹொப்ஸ் கற்பனையில் கண்ட இரட்டைக் கப்பல் இங்கே கையால் செய்யக்கூடிய மோசடியாகிவிடுகிறது. பொருளும் எண்ணும் தாமாக உறுதிதர இயலாத நிலையில், என்ன மாறியது, எப்போது மாறியது, யார் மாற்றினார் என்ற மெய்யான வரலாறு மட்டுமே பழையதையும் புதியதையும் ஒன்றாகக் கட்டி நிறுத்துகிறது. அந்த வரலாறு செய்தவரின் நெஞ்சில் இருப்பது; அவர் சொன்னால் அன்றி மற்றவருக்குத் தெரியாது.

இதனால்தான் குறைகளை வெளிப்படுத்தும் கடமையைச் சமயங்கள் வணிகத்தின் நடுவில் வைத்தன. ஸஹீஹ் முஸ்லிம் என்னும் நபிமொழித் தொகுப்பின்படி, சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்த நபிகள் நாயகம் விரல்களில் ஈரத்தை உணர்ந்து, மழையில் நனைந்த தானியத்தை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என வினவி, ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்றார். மறைக்கப்பட்ட குறை பின்னர் தெரியவந்தால் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையையும் இஸ்லாமியச் சட்டவியல் வாங்கியவருக்கு அளிக்கிறது. கத்தோலிக்க இறையியலாளர் தோமா அக்குவினாஸ், குதிரைக்கு ஒரு கண் இல்லாதது போன்ற வெளிப்படையான குறையை, விலையை அதற்கேற்பக் குறைத்திருந்தால், விற்பவர் எடுத்துச்சொல்லக் கட்டுப்பட்டவர் அல்லர் என்றும், வாங்குபவருக்கு இழப்போ ஆபத்தோ விளைக்கும் மறைவான குறையைச் சொல்லியே ஆகவேண்டும் என்றும் பிரித்துக் காட்டினார். பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணுவதே வணிகம் என்று திருக்குறள் நடுவுநிலைமையில் வைத்துப் பேசுகிறது.

வாங்குபவர் தாமே பார்த்து வாங்கட்டும், கடனில் உழலும் விற்பவர் குறையைச் சொன்னால் விலை விழுமே என்று ஒருவர் மறுக்கலாம். விற்பவரின் நெருக்கடி உண்மையானது. அதை இலேசாகக் கருதலாகாது. ஆனால் அடிச்சட்டத்தின் உட்கூட்டில் படர்ந்த கறளை எந்தக் கண்ணாலும் காண முடியாது. கூடுதல் வலுவுள்ள எஞ்சினின் இழுப்பையும் நிறைசுமையையும் பட்டியால் மூடிய அடிச்சட்டம் தாங்க வேண்டியிருப்பதால், மறைத்த குறையின் விலையை, மதவாச்சிப் பாதையில் முறியக்கூடிய ஓர் அடிச்சட்டத்தின் மூலம், வாங்கியவரும் எதிரே வரும் முன்பின் அறியாதவரும் உடலால் கொடுக்க நேரலாம். அக்குவினாஸின் பிரிவுப்படி பார்த்தாலும் இது சொல்லியே தீரவேண்டிய குறை.

பழுது பார்ப்பதில் இந்த வாய்மை எவ்வடிவம் பெறும் என்பதற்குத் தொல்சின்னப் பாதுகாப்புக்கான 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம் வழிகாட்டுகிறது. காணாமற்போன பகுதிக்கு ஈடாகச் சேர்ப்பது முழுமையோடு இசைந்திருக்க வேண்டும், அதேவேளை மூலத்திலிருந்து வேறுபடுத்தி அறியத்தக்கதாகவும் இருக்க வேண்டும் என்பது அதன் விதி. வாகனத்துக்கு இதைப் பொருத்தினால், அரிபட்ட துண்டை வெட்டி அதே தடிப்புள்ள உருக்கை வெல்டிங் வைத்து, உள்ளும் புறமும் கறள் தடுக்கும் பூச்சுப் பூசி, செய்த வேலையைத் திகதியுடன் எழுதிப் படமெடுத்து வைத்து, விற்கும்போது அந்த ஏட்டையும் சேர்த்துக் கொடுப்பதே நேர்மையான புதுப்பித்தல். புதிதுபோல் மினுக்குவதைவிட இது கடினமானது. பழையதை மதிப்பதும் இதுவே.

மன்னாரில் இக்கடமைக்குத் தனிக் கனம் உண்டு. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட எருக்கலம்பிட்டி, தாராபுரம் முஸ்லிம்கள் பலர் போர் ஓய்ந்தபின் திரும்பி வந்திருக்கிறார்கள். சைவரும் கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் ஒருவரிடம் ஒருவர் வாங்கியும் விற்றுமே வாழ்கிறார்கள். அறுந்த நம்பிக்கையை மேடைப் பேச்சால் மட்டும் மீட்க முடியாது. மறைக்கத்தக்க குறையைப் பிற சமூகத்தவரிடம் மறைக்காமல் சொல்லும் ஒவ்வொரு விற்பனையும் அந்த மீட்சியில் உண்மையான பங்கு கொள்கிறது. பாகங்கள் மாறிய வாகனம் அதே வாகனம்தானா என்ற கேள்விக்கு இரும்பிடம் விடை இல்லை. அதன் வரலாற்றைக் குறைக்காமல் கூட்டாமல் கையளிக்கும் மனிதரிடம் இருக்கிறது.