இறந்த காலத்தின் உடுப்பு

ஜப்பானின் தலைநகரான டோக்கியோவில் பணிபுரியும் என் பழைய மாணவர் ஒருவர் சென்ற மாதம் ஒரு படத்தையும் அதனோடு ஒரு கேள்வியையும் அனுப்பியிருந்தார். படத்தில் இருந்தவர் ஐம்பது வயதை நெருங்கும் ஜப்பானியர். கறுப்புத் தோல் மேற்சட்டை, கணுக்காலில் மடித்துவிட்ட ஜீன்ஸ், கூர்முனைக் காலணி. பசையிட்டு நெற்றிக்கு மேல் அலைபோல் உயர்த்தி வாரிய தலைமுடி. ஞாயிற்றுக்கிழமைகளில் யோயோகிப் பூங்காவின் வாயிலில் இத்தகையோர் கூடி, 1950களின் அமெரிக்க இசைக்கு ஆடுவது அந்நகரில் பல்லாண்டுகளாக நடந்துவரும் வழக்கம். இவர் அண்மையில் கலிமாச் சொல்லி இஸ்லாத்தைத் தழுவியிருக்கிறார். ஆட்டத்தைத் தாமாகவே விட்டுவிட்டார். உடுப்பையும் விட வேண்டுமா என்பதே கேள்வி.

ஒரே வரியில் மறுமொழி எழுதிவிடலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். ஒரு கூட்டத்தாருக்கு ஒப்பாக நடப்பவர் அவர்களைச் சேர்ந்தவரே என்னும் கருத்துடைய நபிமொழி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. அதைச் சுட்டிக்காட்ட எழுதுகோலை எடுத்தபோதுதான் ஐயம் பிறந்தது. யாருக்கு ஒப்பாகிறார் இவர்? இன்று வாழும் எந்தச் சமயத்தாரின் உடுப்பும் அன்று அது. எழுபது ஆண்டுகளுக்கு முன் இருந்து மறைந்த ஒரு காலத்தின் உடுப்பு. இறந்தவர்க்கு ஒப்பாகிறவருடைய நிலை என்ன? அந்தக் காலத்தை அறியாமல் தீர்ப்புச் சொல்வது முறையாகாது என்று கருதிக் கொஞ்சம் படித்துப் பார்த்தேன்.

அந்த இசைக்கு ராக்கபில்லி என்று பெயர். அமெரிக்கத் தென்மாநிலங்களின் கறுப்பின மக்கள் பாடிய இசையும், அதே மண்ணின் ஏழை வெள்ளையரின் நாட்டுப்புறப் பாட்டும் கலந்து பிறந்தது. 1954 ஜூலையில் மெம்ஃபிஸ் நகரில், சாம் ஃபிலிப்ஸ் என்பவரின் ஒலிப்பதிவுக் கூடத்தில் எல்விஸ் பிரெஸ்லி என்ற பத்தொன்பது வயது இளைஞர் ஒரு பாட்டைப் பாடினார். அவர் பெயர் பரவியது அதிலிருந்துதான். அந்தப் பாட்டு அவருடையதன்று. ஆர்தர் குருடப் என்ற கறுப்பினப் பாடகர் 1946இலேயே பதிவு செய்தது. குருடப் 1974இல் இறந்தார். தம் பாடல்களுக்கு உரிய பணம் முழுமையாக வந்துசேராமலேயே இறந்தார்.

உடுப்பின் வரலாறும் இதுவே. மெம்ஃபிஸின் பீல் தெரு கறுப்பின மக்களின் கடைத்தெரு. அங்கே லான்ஸ்கி சகோதரர்களின் கடையில் கறுப்பின இசைக்கலைஞர்கள் பகட்டான வண்ணச் சட்டைகளும் தொளதொளத்த கால்சட்டைகளும் வாங்குவார்கள். அதே கடையில்தான் பிரெஸ்லியும் வாங்கி உடுத்தார். உலகத்து இளைஞரெல்லாம் அவரைப் பார்த்து உடுத்தனர். தோற்றவன் வென்றவனைப் பின்பற்றத் துடிப்பான், உடையிலும் அடையாளங்களிலும் பழக்கங்களிலும் அவனைப்போல் ஆக விரும்புவான் என்று இப்னு கல்தூன் தம் முகத்திமாவில் விளக்கியிருக்கிறார். மதரஸாவில் அதைப் படித்த நாள் முதல் மாறாத விதியென்றே கொண்டிருந்தேன். மெம்ஃபிஸில் அவ்விதி தலைகீழாகிவிட்டது. அடக்கியவன் அடங்கியவனின் பாட்டையும் உடுப்பையும் எடுத்துக்கொண்டான். உரியவனைத் தெருவுக்கு அப்பாலேயே நிறுத்திவைத்தான். அதே 1954இல்தான் பள்ளிகளில் இனம் பிரித்து வைப்பது சட்டத்துக்கு முரண் என்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1955 ஆகஸ்டில், அண்டை மாநிலமான மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற பதினான்கு வயதுக் கறுப்பினச் சிறுவன் கொல்லப்பட்டான். கொன்றவர்களை வெள்ளையர் மட்டுமே அமர்ந்திருந்த நடுவர் குழு அடுத்த மாதமே குற்றமற்றவர் என விடுவித்தது.

இங்கிலாந்திலும் இந்தக் கதைக்கு ஒரு கிளை உண்டு. போருக்குப் பின், எட்வர்ட் மன்னர் காலத்து நீண்ட மேலங்கியை இலண்டன் செல்வந்தர்க்காகத் தையற்காரர்கள் மீட்டெடுத்தனர். தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் அதைத் தமதாக்கிக்கொண்டதும் செல்வந்தர் கைவிட்டனர். அப்பிள்ளைகளுக்கு டெடி பாய்ஸ் என்று பெயர் வந்தது. 1958இல் நாட்டிங் ஹில் பகுதியில் மேற்கிந்தியத் தீவு மக்களைத் தாக்கியவர்களில் அவர்களும் இருந்தார்கள்.

அரபு மொழியில் ஒரு நயம் உண்டு. லாம், பா, ஸீன் என்னும் மூன்றெழுத்து வேரிலிருந்து, உடுத்துவதைக் குறிக்கும் சொல்லும் பிறக்கிறது. ஒன்றை மற்றொன்றோடு கலந்து மறைத்துக் குழப்புவதைக் குறிக்கும் சொல்லும் பிறக்கிறது. உண்மையைப் பொய்யோடு கலக்காதீர் என்று அல் பகராவில் விலக்கப்படுவது இந்த இரண்டாவது பொருளில்தான். பழங்காலத்தின் உடுப்பை அணிகிறவர் இந்த இரண்டில் எதைச் செய்கிறார்? ஒரு காலத்தின் வெட்டையும் தையலையும் மட்டும் ரசிக்கிறாரா, அல்லது அந்தக் காலமே பொற்காலம் என்று தமக்கும் பிறருக்கும் சொல்லி, அதில் சிந்திய கண்ணீரின்மேல் பட்டைப் போர்த்துகிறாரா? எனக்கு இதுவே கேள்வியின் கரு என்று படுகிறது.

உடுப்பைப் பொறுத்தமட்டில் நம் மார்க்கம் நாம் அஞ்சுமளவு குறுகியதன்று. அல் அஃராஃபின் 26ஆம் வசனம் மானத்தை மறைக்கும் ஆடையோடு அலங்காரத்தையும் இறைவனின் அருளாகவே சொல்கிறது. அங்கே வரும் அரபுச் சொல்லுக்குப் பறவையின் இறகு என்றும் பொருள். தக்வா என்னும் ஆடையே சிறந்தது என்பது அதன் பிறகு வருகிறது. தபூக் பயணத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கை இறுகிய ஓர் அங்கியை அணிந்திருந்ததை முகீரா (ரலி) அறிவிக்கிறார்கள். உளூச் செய்யக் கைகள் வெளிவராமல், அங்கியின் கீழ்வழியே எடுக்க வேண்டியதாயிற்று. அது ஷாம் நாட்டு அங்கி என்பது புகாரியின் அறிவிப்பு. ரோமானிய அங்கி என்பது திர்மிதீயின் அறிவிப்பு. ரோமரை எதிர்கொள்ளப் புறப்பட்ட பயணத்தில் ரோமானிய அங்கி! துணிக்குச் சமயம் இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

அடையாளம் என்பது வேறு. தைலஸான் என்னும் மேல்துண்டை அணிந்தவர்களைக் கண்டு, கைபர் யூதர்களைப்போல் இருக்கிறார்கள் என்றார்கள் அனஸ் (ரலி). ஹிஜ்ரி 852இல் மறைந்த இப்னு ஹஜர் அஸ்கலானீ, அது யூதரின் தனியடையாளமாக இருந்த வரைக்கும்தான் அந்த வெறுப்பு, அடையாளம் நீங்கிய பின் பொதுவான ஆகுமானவற்றில் சேர்ந்துவிட்டது என்று விளக்குகிறார்.

இதைப் படித்த பிறகு படத்தை மீண்டும் பெரிதாக்கிப் பார்த்தேன். மேற்சட்டையின் தோளில் ஒரு சிறு துணிப்பட்டை தைக்கப்பட்டிருந்தது. சிவப்பு நிலத்தில் நீலப் பெருக்கற்குறி, அதில் வெள்ளை விண்மீன்கள். 1861 முதல் 1865 வரை அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலக் கூட்டமைப்பின் போர்க்கொடி அது. ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் இந்த உடுப்பின் ரசிகர்கள் பலர் பொருளறியாமல் வெறும் ஒப்பனையாக அதை அணிகிறார்கள். அது எவருடைய முதுகில் விழுந்த சவுக்கு என்று அவர்களிடம் சொல்வாரில்லை.

ஆகவே இப்படி எழுதினேன். மேற்சட்டை ஆகும். ஜீன்ஸும் தளர்வாய் இருந்தால் ஆகும். பிறர் பார்வைக்காகவே உடுத்தும் புகழாடையை நபிமொழி கண்டித்திருப்பதால், தெருவில் எல்லோரும் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பது நோக்கமாயின் அதை அவர் தம் நெஞ்சோடு பேசித் தீர்த்துக்கொள்ளட்டும். அங்கே எனக்கு வேலை இல்லை. அந்தக் கொடியைப் பிரித்துவிட வேண்டும், இன்றே. பிலால் (ரலி) அவர்களைத் தலைவர் என்று போற்றும் சமுதாயத்துக்குள் அதை அணிந்து வர இயலாது. அந்தப் பாட்டுகளைப் பற்றி யாரேனும் அவரிடம் ஆசையோடு கேட்டால், குருடப் என்னும் பெயரையும் சேர்த்துச் சொல்லட்டும். இரவல் வாங்கியவர் உரியவரின் பெயரைச் சொல்வது அமானிதத்தின் பாற்பட்டது.

மாணவர் கேட்க மறந்த ஒன்றும் இருந்தது. தலைமுடிப் பசை. வெறும் எண்ணெய்ப் பிசுக்கு நீரைத் தடுக்காது. ஆனால் மெழுகு கலந்த பசை முடியின்மேல் படலமாகப் படியும். நம் ஷாஃபிஈ மத்ஹபில் உளூவின்போது தலையில் சிறு பகுதியைத் தடவினாலும் போதுமாகையால், பசை படாத பிடரி முடியை ஈரக்கையால் தடவிக்கொள்ளலாம். கடமையான குளிப்புக்கு அது போதாது. நீர் முடியின் அடிவரை சேர வேண்டும். எனவே முதலில் பசையைக் கழுவிப் போக்கிவிட்டே குளிக்க வேண்டும்.