அனுப்பியதும் அடைந்ததும்

ஒரு கணினியில் எழுதிய உரை, வேறோர் இயங்குதளமுடைய கணினியைச் சென்றடைந்தபின், அது முன்னிருந்த அதே உரைதானா என்னும் வினா, தொழில்நுட்பம் அறிந்தோர்க்கே உரியது போலத் தோன்றினும், நம் தரிசனங்கள் நெடுங்காலம் வாதித்த வினாவின் கிளையேயாகும்.

யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்கள் வரியின் முடிவை 10 என்னும் எண்ணுடைய ஒரே பைட்டால் குறிக்க, விண்டோஸோ 13, 10 என இரு பைட்டுகளை அடுத்தடுத்து வைக்கிறது. ஆயிரம் வரிக் கோப்பொன்று முன்னதிலிருந்து பின்னதன் வழக்குக்கு மாறினால் ஆயிரம் பைட்டுகள் பெருகும். படிப்பவர் கண்ணுக்கோ ஓரெழுத்தும் கூடியிராது. தமிழில் இது மேலும் சூக்ஷ்மமாகிறது. 'கொ' என்பதை யூனிகோடில் ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றைச் சேர்த்தும் எழுதலாம். ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்த்தும் எழுதலாம். யுடிஎஃப்-8 முறையில் முன்னது 6 பைட்டுகள், பின்னது 9. கண் இரண்டையும் ஒன்றென்கிறது. எஸ்எச்ஏ-256 என்னும் சரிபார்ப்புக் கணிதமோ சம்பந்தமே இல்லாத இரு விடைகளைத் தருகிறது.

உச்சரிக்கும் த்வனிகள் எத்துணை பேதப்பட்டாலும் அவற்றால் வெளிப்படும் சொல்லின் முழுவடிவமான ஸ்போடம் அகண்டமானது என்று வாக்கியபதீயத்தில் நிறுவினார் இலக்கணத் தத்துவஞானி பர்த்ருஹரி. வர்ணங்களுக்கு அப்பால் அப்படியொரு தத்துவம் வேண்டா, கிரமம் பிறழாத வர்ணங்களே சொல் என மறுத்தார் மீமாம்ஸகர் குமாரில பட்டர். படிப்பவர் பர்த்ருஹரியின் சார்பில் நிற்பது இயல்பு. ஆயின் உரையைச் சுமந்து செல்லும் தூதன் குமாரிலரின் சார்பிலேயே நிற்கவேண்டும் என்பது என் துணிபு. எந்தப் பேதம் பொருளற்றது என்று தீர்மானிக்கும் அதிகாரம் அவனுக்கு இல்லை. 1971-இல் தோன்றிய எஃப்டிபி என்னும் கோப்பு அனுப்பும் முறை, உரைக்கோப்பு என்று சொல்லிவிட்டால் வரிமுடிவுகளை வழியிலேயே மாற்றி உதவியது. உரைக்கோப்பு என்றே தவறி அனுப்பப்பட்ட படங்கள் அவ்வுதவியாலேயே சிதைந்தன. கடவுச்சொல்லையும் அது மறைப்பின்றியே அனுப்பியது. ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் கடவுச்சொற்கள் களவு போனதைக் கண்டு, 1995-இல் தாத்து உலோனென் என்பவர் எஸ்எஸ்எச் என்னும் மறைகுறியாக்கத் தொடர்பு முறையை இயற்றினார். அதன்மேல் இயங்கும் எஸ்எஃப்டிபி, வழியிலுள்ளோர் எவரும் படிக்கவொண்ணாதவாறு மறைகுறியாக்கி, பைட்டுகளை உள்ளபடியே கொண்டு சேர்க்கிறது. உள்ளிருப்பதை அறியாத தூதன் அதைத் திருத்த முற்படுவதில்லை. இடையில் எவரேனும் திரித்தாலும் அது பிடிபட்டுவிடும்.

வரிமுடிவை மாற்றுவதும், இருவகைக் 'கொ'வை ஒருவகையாக்குவதும் பெற்றவருக்கே உரிய கருமங்கள். அவரும் மூலத்தைச் சரிபார்த்து, அதன் பிரதியொன்றை அப்படியே காத்துக்கொண்ட பின்னரே அவற்றைச் செய்யலாம். ஏனெனில், மாற்றிய கணத்திலிருந்து, அனுப்பியவர் கணித்துத் தந்த எஸ்எச்ஏ-256 விடையாகிய கணிதச் சாட்சியம் அக்கோப்புக்குச் செல்லாது.