தோமே

ஜப்பானில் பாட்டிமார் தலைமுறையில் தோமே என்றொரு பெண்பெயர் உண்டு. ‘நிறுத்து’ என்று பொருள். பிள்ளைப்பேறு இத்தோடு போதும் என்று நினைத்த வீடுகளில் வைத்த பெயர். ‘கடைசி’ எனப் பொருள்படும் சுயே என்ற பெயரும் அப்படித்தான்.

ஊத்துக்கோட்டைக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே திருத்தணி அருகே நாராயணபுரத்தில், வரிசையாகப் பெண் பிறந்தால் கடைசிக் குழந்தைக்கு ‘வேண்டாம்’ என்று பெயரிடுவார்கள். அடுத்தது ஆணாகப் பிறக்கும் என்ற நம்பிக்கை. தெற்கே போனால் போதும்பொண்ணு.

குப்பம்மாவும் இந்த ரகம்தான் என்று தோன்றும். இல்லை. பிள்ளை தங்காத வீட்டில், பிறந்த குழந்தையைக் குப்பையில் புரட்டி எடுத்து வைக்கிற பெயர் அது. தெலுங்கில் பெண்டம்மா. ஜப்பானை ஒரு குடைக்கீழ் கொண்டுவந்த ஹிதேயோஷியும் 1589-ல் பிறந்த மகனுக்கு ‘சுதே’, அதாவது ‘தூக்கி எறிந்தது’ என்றுதான் பெயர் வைத்தார். குழந்தை 1591-ல் இறந்துபோனது. 1593-ல் அடுத்த மகன் பிறந்தபோது ‘பொறுக்கி எடுத்தது’ என்று பெயர். அவன் பிழைத்தான்.

குப்பம்மா என்பது எமனை ஏய்க்கச் சொன்ன பொய். அது பொய் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும், குழந்தைக்கும் தெரியும். ‘வேண்டாம்’ பொய்யில்லை, கோளாறே அதுதான். இன்னும் பிறக்காத ஒரு தம்பிக்கு எழுதின கடுதாசியை இந்தப் பெண் பள்ளி வருகைப் பதிவேட்டிலும் ரேஷன் அட்டையிலும் காலமெல்லாம் சுமக்கிறாள். தம்பி வராமலே போகலாம். கடுதாசி அவளிடமே இருக்கும்.

தோமேயை முழுக்க இதோடு சேர்க்க முடியாது. ஜப்பானில் பிள்ளை அதிகமான வீட்டில் பையனுக்கும் தோமேகிச்சி என்று வைத்தார்கள். மகனை ‘வேண்டாம்’ என்று கூப்பிட்ட அப்பா நம் பக்கத்தில் யார்? போதாததற்கு, தோமே என்று எழுதும் ஜப்பானிய எழுத்துக்கே ‘தங்கு’ என்றும் பொருள் உண்டு. முன்பிறந்தவை தவறிப்போன வீட்டில் ‘இவளாவது தங்கட்டும்’ என்றும் தோமே ஆனவர்கள் இருக்கிறார்கள். ஒரே பெயரில் வேண்டுதலும் அலுப்பும். எது எந்த வீட்டில் என்பது பெற்றவளுக்கே வெளிச்சம்.

2019-ல் ‘வேண்டாம்’ என்ற பெயர் கொண்ட திருவள்ளூர் மாவட்டத்துப் பொறியியல் மாணவி ஒருவருக்கு, படிப்பு முடியும் முன்பே ஜப்பானிய நிறுவனத்தில் வேலை கிடைத்தது. மாவட்ட நிர்வாகம் பெண் குழந்தைகளைக் காக்கும் திட்டத்துக்கு அவரையே தூதராக்கியது. பெயருக்கு அர்த்தம் என்னவென்று அந்த நாட்டில் யாராவது கேட்டு, அவர் சொல்லியும் வைத்தால், எங்கள் பாட்டி பெயரும் கிட்டத்தட்ட அதுதான் என்று தலையாட்ட ஆளிருக்கும்.