காக்கை உட்கார விழுந்த பனம்பழமா?

பொங்கல் வந்தால் தம்மம்பட்டி, கெங்கவல்லி, ராசிபுரம் பக்கத்துக் கிராமங்களில் கபடிக் களம் போடுவார்கள். எந்த அணி கோப்பை வாங்கினாலும் ஒரு கேள்வி கூடவே வரும்: "வாத்தியார் தேத்துன டீமா, இல்ல காக்கா உக்கார பனம்பழம் விழுந்த கதையா?" கேட்பவருக்கு அது திண்ணைப் பேச்சு. கேட்கப்படுகிறவருக்கோ பிழைப்பு. ஆண்டுதோறும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் ஒரு கல்லூரிப் பயிற்சியாளரை அந்த ஒரு சொல்லே வீட்டுக்கு அனுப்பிவிடும்.

பெரிய களத்திலும் இதே கேள்விதான். 2017-இல் புரோ கபடி லீகில் சேர்ந்த தமிழ் தலைவாஸ், முதல் நான்கு பருவங்களில் பிளே ஆஃப் பக்கமே போகவில்லை. 2022-இல் 2.26 கோடி ரூபாய்க்கு எடுத்த முதன்மை ரெய்டர் பவன் செஹ்ராவத், முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு வெளியேறினார். பருவம் தொடங்கிச் சில ஆட்டங்களிலேயே பயிற்சியாளர் உதயகுமார் விலக, அவரிடத்துக்கு அஷன் குமார் வந்தார். அணி முதல்முறையாக அரையிறுதிக்குப் போய், புனேரி பல்தனிடம் 37–39 என்று தோற்றது. அடுத்த பருவத்தில் 9-ஆம் இடம். அஷன் குமாரும் போனார்.

அப்படியானால் 2022 அதிர்ஷ்டம்தானா? இப்படிச் சொல்கிறவர்கள் தராசின் ஒரு தட்டை மட்டும் பார்க்கிறார்கள். வெற்றிக்கு அதிர்ஷ்டம் காரணம் என்றால் தோல்விக்கும் அது காரணமாக இருக்கலாம் அல்லவா? வென்றபோது "நேரம்", தோற்றபோது "திறமை இல்லை" என்பது அநியாயக் கணக்கு. முதன்மை ரெய்டர் முதல் நாளே விழுந்தது எந்த வகை அதிர்ஷ்டம்? அதைக் கழிக்காமல் அரையிறுதியை மட்டும் தற்செயல் என்பது நேர்மையன்று. அஷன் குமார் போய், அடுத்த பருவத்தில் வேறு பயிற்சியாளர்கள் வந்த பிறகும் அதே 9-ஆம் இடம்தான் கிடைத்தது.

எதிர்த் தரப்பிலும் நியாயம் உண்டு. அஷன் குமார் கையில் கிடைத்த அணியை அவரே கட்டவில்லை. வேறொருவர் சேர்த்த இளைஞர்கள், வேறொருவர் தொடங்கிய பயிற்சி. தம்மம்பட்டி மரச்சிற்பப் பட்டறையில் ஒருவர் வடிவம் வரைந்து கொத்தியதை இன்னொருவர் நகாசு செய்து முடிப்பதுண்டு. முடித்தவர் பெயரை மட்டும் சொன்னால் முதல் உளி பிடித்தவருக்குச் செய்யும் துரோகம் அது. ஆகவே முதல் வெற்றியை வைத்து ஒருவரை மேதை என்று தூக்குவதும் தவறுதான். தூக்கியவர்கள்தாம் பிறகு கீழே போடுகிறார்கள்.

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் ஸ்டீவ் ஃபிஷரின் கதை இதைவிட வினோதமானது. 1989-இல் தேசியப் போட்டி தொடங்கும் தறுவாயில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளர் பில் ஃப்ரீடர் வேறு வேலைக்கு ஒப்புக்கொண்டதால் நீக்கப்பட்டார். துணையாக இருந்த ஃபிஷர் அணியை ஏற்று ஆறு ஆட்டங்களையும் வென்றார். இறுதியாட்டம் கூடுதல் நேரத்தில் 80–79. பனம்பழம் என்று சொல்ல இதைவிட நல்ல சான்று கிடைக்காது. 1992, 1993-இல் அதே அணியை மீண்டும் இறுதிக்குக் கொண்டுபோனார். பிறகு வீரர்களுக்கு வெளியார் பணம் கொடுத்த விவகாரத்தில் 1997-இல் வேலை போனது. அந்தக் கறையை மறைக்கத் தேவையில்லை. 1999-இல் சான் டியாகோ ஸ்டேட்டில் சேர்ந்தார். முதல் பருவம் 5 வெற்றி, 23 தோல்வி. அந்த ஆண்டே விலக்கியிருந்தால் 1989 வெறும் அதிர்ஷ்டம் என்றே முடிந்திருக்கும். பொறுத்தார்கள். 2010–11 பருவத்தில் 34 வெற்றி, 3 தோல்வி. அவரிடம் துணையாக இருந்த பிரையன் டட்சர் 2023-இல் அதே அணியை இறுதியாட்டம் வரை கொண்டுசென்றார்.

கோப்பையை மட்டும் எண்ணினால் இவை எதுவும் தெரியாது. வந்தபோது என்ன கிடைத்தது, அவர் கையில் பிள்ளைகள் என்ன கற்றார்கள், போகும்போது யாரை உருவாக்கி வைத்தார் என்று பார்க்க ஒரு பருவம் போதாது. அவசரத் தீர்ப்பு பயிற்சியாளரோடு நிற்பதுமில்லை. "அதிர்ஷ்டம்" என்றதும் அந்த ஆண்டு விடியற்காலையில் ஓடிய ஒவ்வொரு பிள்ளையின் உழைப்பும் கணக்கிலிருந்து அழிகிறது.

கல்லூரி நிர்வாகங்களும் ஊர்க் கபடிக் குழுக்களும் ஒரு பயிற்சியாளரை ஏற்றவோ இறக்கவோ முடிவெடுக்குமுன் குறைந்தது மூன்று பருவங்கள் பொறுத்திருக்க வேண்டும். அதற்குள் கருத்துச் சொல்லியே ஆக வேண்டுமென்றால், அவரிடம் பயின்ற பிள்ளைகளைக் கேளுங்கள்.