நீண்ட இரவில் ஒரு சண்டை

டிசம்பர் 21 அல்லது 22, வட அரைக்கோளத்தின் மிக நீண்ட இரவு. மறுநாளிலிருந்து பகல் வளரும், முதலில் நொடிக்கணக்கில்தான். ஆனாலும் சென்னையில் ஜனவரி பாதி கடந்தும் சூரியன் எழும் நேரம் தள்ளிக்கொண்டே போகிறது.

சூரியன் வடக்கே திரும்பும் உத்தராயணம் இந்த டிசம்பர் நாளா, தை முதல் நாளா என்று வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே வசைமாரி. வானியல் ஒன்றைச் சொல்கிறது, பஞ்சாங்கம் இன்னொன்றை. பூமியின் அச்சு பம்பரம்போல் தலையாட்டி, சுமார் 26,000 ஆண்டுகளில் ஒரு சுற்றை முடிக்கிறது. அதனால் வந்த இடைவெளி இது. ஒரு காலத்தில் இரண்டும் ஒரே நாள்தான். இதற்காகவா முகம் தெரியாதவரை 'முட்டாள்' என்பது? (மாமனார் இருக்கும் குழுவில் மட்டும் நாகரிகம் தானாக வந்துவிடுகிறது!)

இன்றிரவு கோபத்தில் தட்டிய பதிலை அனுப்பாதீர்கள். விடிந்ததும் படித்துப் பார்த்து, அப்போதும் வேண்டுமென்றால் அனுப்புங்கள்.