ரீஸ்லிங்கின் பிள்ளை

திராட்சையை யாரும் விதை போட்டுத் தோட்டமாக்குவதில்லை. விதையில் முளைக்கும் கொடி தாயைப் போல இருக்காது. அதனால் குச்சி வெட்டி நடுவார்கள், இல்லையென்றால் ஒட்டுக் கட்டுவார்கள். ஜெர்மனியின் புகழ்பெற்ற வெள்ளை ஒயின் திராட்சையான ரீஸ்லிங்கின் பெயர் 1435-இல் ரூஸல்ஸ்ஹைம் ஊர்க் கணக்கு ஒன்றில் வருகிறது. அன்றைய கொடியும் இன்று மோசெல் ஆற்றங்கரைச் சரிவில் நிற்கும் கொடியும், சின்னச் சின்ன மாற்றங்களைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், ஒரே செடிதான். ஆறு நூற்றாண்டுகளாக அதைப் பிரதி எடுத்துக்கொண்டே இருக்கிறோம்.

செடி நின்றுவிட்டது. நோய் நிற்கவில்லை. 1845-இல் இங்கிலாந்தின் ஒரு தோட்டத்தில் சாம்பல் நோய் தலைகாட்டியது. 1860-களில் வேரைத் தின்னும் ஃபிலாக்ஸெரா பூச்சி பிரான்ஸில் புகுந்தது. 1878-இல் அடிச்சாம்பல் நோய். மூன்றும் அமெரிக்காவிலிருந்து வந்தவை. (கறாராகச் சொன்னால் இந்த அடிச்சாம்பல் கிருமி பூஞ்சையே அல்ல, பழுப்புப் பாசிகளுக்குத் தூரத்து உறவு. உலகமே பூஞ்சை என்று சொல்லும்போது நான் மட்டும் எதற்குச் சண்டை போட வேண்டும்?) அமெரிக்கக் காட்டுத் திராட்சைகள் இவற்றோடு காலங்காலமாக மோதிப் பழகியவை. ஐரோப்பியக் கொடிக்கு அந்த அனுபவமே கிடையாது.

ஃபிலாக்ஸெராவுக்குக் கண்ட தீர்வு, அமெரிக்க வேரின்மேல் ஐரோப்பியக் கொடியை ஒட்டுவது. இலை நோய்களுக்குத் தீர்வு தற்செயலாகக் கிடைத்தது. மெடோக் பகுதியில் சாலையோரக் கொடிகளில் பழத்தைத் திருடர்கள் பறிக்காமலிருக்க மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்துத் தெளிப்பார்கள். அந்தக் கொடிகளுக்கு மட்டும் நோய் வராததைக் கண்ட மில்லார்டே என்ற தாவரவியலாளர் ஆராய்ந்து, 1885-இல் முறையாக வெளியிட்டார். கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சை விவசாயிகளுக்கும் தெரிந்த அதே போர்டோ கலவைதான்.

தாமிரத்தில் ஒரு தொல்லை உண்டு. அது மக்கிப்போகாது. தெளித்ததில் பெரும்பகுதி மண்ணிலேயே தங்கி, வருடத்துக்கு வருடம் சேர்ந்து, மண்புழுவுக்கு வினையாகிறது. செயற்கை மருந்து வேண்டாம் என்று ஒதுங்கிய இயற்கை விவசாயிதான் இதை அதிகம் நம்பியிருக்கிறார் என்பது இன்னொரு கொடுமை. 2019 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு ஹெக்டேருக்கு ஏழு ஆண்டுகளில் 28 கிலோ தாமிரம்தான் உச்சவரம்பு. மழை விடாமல் பெய்கிற வருடத்தில் மருந்து கழுவிக்கொண்டு போகும், மறுபடி தெளிக்க வேண்டும். அப்போது இந்த வரம்பு கழுத்தை நெரிக்கும்.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். எங்கள் தொழிலில் இந்த மாதிரி ஒன்று எல்லா நிறுவனத்திலும் இருக்கும். பழைய நிரல், யாரும் கைவைக்கக் கூடாது. உள்ளே தொட முடியாததால் வெளியே சுவர்மேல் சுவராகக் கட்டிக்கொண்டே போவோம். ரீஸ்லிங்குக்கு நடப்பதும் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

உள்ளே கைவைத்தவர்களும் உண்டு. 1968-இல் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் திராட்சை ஆய்வு நிலையத்தில் யோஹன்னஸ் ஸிம்மர்மன் ரீஸ்லிங்கை இன்னொரு கலப்பினத்தோடு சேர்த்தார். அந்தக் கலப்பினத்தின் முன்னோரில் செய்வ்-வில்லார் என்ற பிரெஞ்சுக் கலப்பு வரிசையும், அதன் வழியாக அமெரிக்கக் காட்டுத் திராட்சையும் உண்டு. பிறந்த வெள்ளைத் திராட்சைக்கு அவர் பெயரையே தழுவி யோஹானிட்டர் என்று பெயர் வைத்தார்கள். இதன் இலையில் அடிச்சாம்பல் கிருமி இறங்கினால், அந்த இடத்தைச் சுற்றியுள்ள செல்கள் தாமே செத்துவிடுகின்றன. உயிருள்ள செல்லில் மட்டுமே பிழைக்கக்கூடிய கிருமி பட்டினியில் மாள்கிறது. இலையில் சின்னக் கரும்புள்ளிகள் மிஞ்சும், அவ்வளவுதான். பத்து முறைக்கு மேல் தெளிக்க வேண்டிய இடத்தில் இரண்டு மூன்று முறை போதும்.

அப்படியானால் எல்லோரும் இதற்கு மாறியிருக்க வேண்டாமா? மாறவில்லை. தடையாக நின்றது பெரும்பாலும் ரத்தத் தூய்மைப் பேச்சு. கலப்பினம் அசல் ஒயின் திராட்சை ஆகாது என்றார்கள். 1930-களில் பிரான்ஸ் நோவா, இசபெல் போன்ற ஆறு அமெரிக்க வழி வகைகளுக்குத் தடை போட்டது. புவியியல் பெயரைச் சுமக்கும் உயர்தர ஒயின்களில் கலப்பினம் சேரலாம் என்று ஐரோப்பிய ஒன்றியம் பொதுவாக ஒப்புக்கொண்டது 2021 டிசம்பரில்தான். அப்போதும் அந்த ஆறுக்கு மன்னிப்பில்லை. ஜெர்மனி இன்னும் சாமர்த்தியமாக நடந்துகொண்டது. யோஹானிட்டரைக் கலப்பினம் என்று சொல்லாமல், 'விடிஸ் வினிஃபெரா' என்ற ஐரோப்பிய இனக் கணக்கிலேயே பதிந்துவிட்டது. செடியில் ஒரு அணுவும் மாறவில்லை, காகிதத்தில் சாதி மாறிவிட்டது.

இங்கேதான் எனக்குச் சிரிப்பு வருகிறது. தூய ரீஸ்லிங் என்று கொண்டாடப்படும் கொடிகளில் பெரும்பாலானவை நிற்பதே அமெரிக்க வேரில். மண்ணுக்கடியில் அமெரிக்கன் இருக்கலாம், தாங்கிப் பிடிக்கலாம், தண்ணீர் உறிஞ்சித் தரலாம். இலைக்கும் பழத்துக்கும் மட்டும் வந்துவிடக் கூடாது. இந்த ஏற்பாட்டைத் தமிழில் படிக்கிறவர்களுக்கு நான் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

தூய்மை பேசுகிறவர்களின் தரப்பில் ஒன்றே ஒன்றை நான் மதிக்கிறேன், அது சுவை. ரீஸ்லிங்கின் புளிப்பும் மணமும் ஒரு பண்பாட்டின் நினைவு. யோஹானிட்டர் அந்தச் சாயலில் இருந்தாலும் அதுவே அல்ல. ஆனால் நாக்குக்காரர் ஒரு இடத்தில் இருக்கிறார், தெளிப்பானைச் சுமக்கிறவர் வேறு இடத்தில். மருந்து வாடையைச் சுவாசிப்பதும், செங்குத்துச் சரிவில் திரும்பத் திரும்ப ஏறி இறங்குவதும், மண் கெட்டால் பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்வது என்று யோசிப்பதும் அந்த இரண்டாமவர். ஒரு பெயர் அழியாமல் இருப்பதற்கான செலவை, அந்தப் பெயரைப் போத்தலில் படித்து மகிழ்கிறவர் தருவதில்லை. விலையில் தந்துவிடுகிறாரே என்று கேட்கலாம். மண்புழுவுக்கு அந்தப் பணம் போய்ச் சேர்வதாகத் தெரியவில்லை.

இத்தனையும் சொன்னதால் யோஹானிட்டரை நான் மீட்பராக நிறுத்துவதாக நினைத்துவிட வேண்டாம். ஹங்கேரியின் ஏகர் நகரில் 1963-இல் உருவான பியாங்கா என்ற வெள்ளைத் திராட்சையும் இதே ரகம்தான். செக் நாட்டில் பியாங்கா கொடிகளிலிருந்து எடுத்த அடிச்சாம்பல் கிருமி ஒன்று அதன் எதிர்ப்பைத் தாண்டிவிட்டதை 2010-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். பியாங்கா அங்கே பெரிய பரப்பில் பயிரானதும் இல்லை. கிருமிக்கு அந்தச் சிறிய இடமே போதுமாயிருந்தது.

ரீஸ்லிங்கை எந்த இடத்தில் நிறுத்தினோமோ, அதே இடத்தில்தான் பியாங்காவையும் யோஹானிட்டரையும் பெயர் வைத்த அன்றே நிறுத்துகிறோம். குச்சி வெட்டி, ஒட்டுக் கட்டி, பிரதி எடுத்து. எதிர்ப்பு என்பது கொடிக்குள் நிரந்தரமாகப் பூட்டிவைத்த சொத்து அல்ல. இன்றைய கிருமிக்கும் இன்றைய கொடிக்கும் இடையிலுள்ள கணக்கு அது, நாளைக்கு மாறும். ஆய்வு நிலையங்கள் இப்போது ஒரே கொடியில் இரண்டு மூன்று எதிர்ப்பு மரபணுக்களை அடுக்கப் பார்ப்பது இதனால்தான். விதை போட்டு, முளைத்ததைப் பல ஆண்டுகள் கவனித்து, பெரும்பாலானவற்றைப் பிடுங்கி எறிந்து, மறுபடி முதலிலிருந்து.

எதிர்ப்பு உள்ள வகையை நட்ட விவசாயிக்கும், பூக்கும் பருவத்தையொட்டி ஓரிரு முறையாவது மருந்து தெளித்துவிடச் சொல்கிறார்கள். அவர் கொடிக்கு நோய் வந்துவிடும் என்பதற்காக மட்டும் அல்ல. தாக்குப்பிடிக்கும் கிருமி அங்கே பழகி, பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்விடாமலிருக்க.