இரத்தம் சொல்லும் வயது

"உங்களுக்கு என்ன வயது?" என்று யாராவது கேட்டால், பிறந்த வருஷத்தைக் கழித்துப் பார்த்து விடை சொல்லுகிறோம். அந்த விடை மட்டும் போதாது என்கிறது இன்றைய விஞ்ஞானம். ஜாதகத்தின் வயது ஒன்று. உடம்பின் வயது மற்றொன்று.

2013-ஆம் ஆண்டில், லாஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீவ் ஹார்வத் இதற்கு ஒரு கணக்கு வகுத்தார். உயிரணுக்களின் டி.என்.ஏ. இழைமேல் 'மெத்தில்' என்னும் நுண்ணிய இரசாயனக் குறிகள் இருக்கின்றன. வயது ஏற ஏற அவை சில இடங்களில் கூடுகின்றன. சில இடங்களில் குறைகின்றன. அத்தகைய 353 இடங்களைப் பார்த்து வயதைக் கணிக்கலாம் என்று அவர் காட்டினார். பின்னர் வேறு கணக்குகளும் வந்தன. ஒரே மனிதருக்கு அவை வெவ்வேறு விடை சொல்லுவதும் உண்டு. ஆகவே அவற்றை அசரீரி வாக்காகக் கொள்ள வேண்டியதில்லை.

ஆனாலும் இத்தகைய அளவுகளால் நன்மை இல்லாமலில்லை. நமக்குப் பழக்கமான மூன்று மாதச் சர்க்கரைச் சோதனையையே எடுத்துக்கொள்ளுங்கள். இரத்தத்தின் சிவப்பணு ஏறக்குறைய 120 நாட்கள் வாழ்கிறது. அந்நாட்களில் இரத்தத்தில் ஓடும் சர்க்கரை அதிலுள்ள ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்கிறது. டாக்டரிடம் போவதற்கு முன் இரண்டு நாள் மட்டும் பாகற்காயும் பத்தியமுமாக இருந்துவிட்டு, நல்ல பிள்ளைபோல் போய் நிற்பவர் இந்தச் சாட்சியை ஏமாற்ற முடியாது. தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வதில் தேர்ந்தவன் மனிதன். அவனுக்கு இப்படியொரு கணக்குப்பிள்ளை வேண்டியதுதான்.

கணக்குப்பிள்ளை எஜமானனாகிவிட்டால் என்ன ஆகும்?

வியாபாரத்தில் பெரும் பொருள் ஈட்டிய பிரையன் ஜான்சன் என்ற அமெரிக்கர், தம் உடம்பின் ஒவ்வோர் உறுப்பையும் அளந்து அளந்து முதுமையைத் தள்ளிவைக்க முயன்று வருகிறார். 2023-இல் அவர் தம்முடைய 17 வயது மகனின் இரத்தத்திலிருந்து பிரித்த பிளாஸ்மாவைத் தம் உடலில் ஏற்றிக்கொண்டார். சோதித்துப் பார்த்ததில் பயன் எதுவும் தெரியவில்லை என்று அதே ஆண்டில் அந்தச் சிகிச்சையை நிறுத்திவிட்டார். மகன் சம்மதித்தே கொடுத்தான். ஜான்சனும் தம் பிளாஸ்மாவைத் தம் தந்தைக்குக் கொடுத்தார்.

இதைப் படிக்கும்போது நமக்கு யயாதியின் நினைவு வராமலிராது. சாபத்தால் முதுமையடைந்த அந்த அரசன் மக்களிடம் இளமையை யாசித்தான். மறுத்த நால்வரும் சாபம் பெற்றார்கள். கடைசி மகன் பூரு சம்மதித்தான். தந்தை கேட்கும்போது மகன் சொல்லும் 'சரி'யில் எத்தனை பங்கு சுதந்திரம், எத்தனை பங்கு பயமும் பாசமும்? அதை அளக்க எந்தச் சோதனைச் சாலையிலும் கருவி இல்லை.

யயாதிக்குச் சிகிச்சை பலித்தது! பலித்தும், பல காலம் அநுபவித்தபின் இளமையை மகனிடமே திருப்பிக் கொடுத்தான். பயனில்லை என்பதற்காக அல்ல; ஆசைக்கு முடிவில்லை என்று கண்டதால் கொடுத்தான்.

அமெரிக்கத் தந்தைக்கு இரத்தம் 'பயனில்லை' என்று சொல்லிற்று, அவர் நிறுத்தினார். 'பயனுண்டு' என்று சொல்லியிருந்தால்? நான் கேட்க விரும்புவது இந்த ஒரு கேள்விதான். ஒரு காரியம் பலிக்குமா என்பதை அளவுகள் சொல்லும். அதைச் செய்யலாமா என்று அவை சொல்லமாட்டா.

சோற்றைக் குறைப்பதும், மாலையில் நடப்பதும், புகையிலையை விடுவதும் நம் கைப்பொருளைக் கொண்டு நாமே செய்யும் செலவு. இரத்தம் அதைச் சரிபார்த்துச் சொன்னால் நன்றியுடன் கேட்டுக்கொள்வோம். பிறர் கைப்பொருளின்மேல் கண் போகும்போது மட்டும், இரத்தத்தைக் கேட்பதற்கு முன் நெஞ்சைக் கேட்போம்.